தரங்கம்பாடியா, கோடியக்கரையா: ஒரு திருவாரூர்க்காரனின் பல வருட அனுபவம்

வெளியூரிலிருந்து உறவுக்காரர்கள் வந்தால், கோயில் பார்த்து முடித்த மறுநாள், "கடல் பக்கம் எங்கேயாவது போயிட்டு வரலாமே" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். நாகையும் வேளாங்கண்ணியும் எங்களுக்குப் பக்கம்தான். ஆனால் அமைதியாக ஒரு கடற்கரையைப் பார்க்க வேண்டும், பிள்ளைகளுக்கும் நாலு விஷயம் தெரிய வேண்டும் என்றால் பேச்சு இரண்டு ஊர்களில் வந்து நிற்கும். நாகப்பட்டினம், காரைக்கால் வழியாக வடக்கே போனால் தரங்கம்பாடி. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாகத் தெற்கே போனால் கோடியக்கரை. திருவாரூரிலிருந்து கோடியக்கரை கொஞ்சம் கூடுதல் தூரம், அவ்வளவுதான்.

இரண்டு ஊருக்கும் பல வருடமாகப் போய்வருகிறேன். பெற்றோரோடு, பிள்ளைகளோடு, நண்பர்களோடு, மழையில், வெயிலில், சுனாமிக்கு அப்புறம், கஜா புயலுக்கு அப்புறம் என்று எல்லா நேரத்திலும் பார்த்திருக்கிறேன். என் கணக்கு இதுதான்: கையில் அரை நாள் இருந்தால் தரங்கம்பாடி, ஒரு ராத்திரி தங்க முடிந்தால் கோடியக்கரை. இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நடுவில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் இருக்கிறது. வண்டியில் உட்கார்ந்ததுதான் ஞாபகம் இருக்கும்.

தரங்கம்பாடிக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்தவர்கள். காலையில் மாலை மாற்றி, மதியம் சாப்பிட்டு முடித்தால் சாயங்காலம் போக வசதியான இடம் அது. வயதானவர்களை அழைத்துப் போக இதைவிட நல்ல கடற்கரை நம் பக்கத்தில் இல்லை. 1792இல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டி ராஜவீதியில் நுழைந்தால் தெரு நேராகக் கடலில் போய் முடிகிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் பழைய வீடுகள், தேவாலயங்கள். மூட்டுவலி உள்ளவர்கள்கூட நின்று நின்று நடந்துவிடலாம்.

1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க்காரர்களுக்கு இடம் கொடுத்து, அவர்கள் கட்டியதுதான் இங்கே கடலோரம் நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டை. நாயக்கர் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி டென்மார்க் அரசருக்கு அனுப்பிய கடிதம் இன்னும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வியாபாரம் மொத்தமும் அங்கே போய்விட்டது. ஊர் வளராமல் போனதால்தான் அந்தத் தெரு இன்றைக்கும் அதே அளவில், அதே அமைதியோடு இருக்கிறது என்பது என் எண்ணம். நாகப்பட்டினத்துக் கடைத்தெருவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கியது இங்கேதான். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சானதும் இங்கேதான். அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயத்தில் 1718 என்று வருடம் இருக்கும். அதற்கு அடுத்த வருடமே அவர் இறந்துபோனார், அதே தேவாலயத்துக்குள்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். புத்தகம், அச்சு என்று ஆர்வமுள்ள பிள்ளைகள் இருந்தால் இந்தத் தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். என் மகள் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அங்கே நெடுநேரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். கிளம்பலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கோட்டைக்கு வடக்கே கடலை ஒட்டி மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டு போய்விட்டது. பாறைகளைக் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். அலை வந்து அந்தப் பாறையில் மோதும்போது காலுக்கடியில் தரை லேசாக அதிரும். எழுநூறு வருடமாக ஒரு கோயில் கடலோடு நின்றுகொண்டிருப்பதை அங்கே நின்றால்தான் உணர முடியும். ஆனால் அந்தப் பாறைகளில் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். பாசி வழுக்கும், அலையின் இழுப்பும் அதிகம். அந்தக் கடலில் குளிக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெயில் தாழ்ந்த பிறகு, நாலு மணி வாக்கில் போனால் மேல்தளத்தில் காற்று நன்றாக இருக்கும். சாப்பாட்டை திருக்கடையூரிலோ காரைக்காலிலோ முடித்துக்கொள்வது நல்லது.

சரி, கோடியக்கரை. இதைப் பற்றி எழுதும்போது என் கை தானாகவே நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போகும் வழியே ஒரு பாடம். வேதாரண்யம் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம். 1930 ஏப்ரல் 13இல் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியில் புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நடந்து வந்து 30ஆம் தேதி உப்பு அள்ளிய அகத்தியம்பள்ளி இதுதான். நினைவுத்தூண் ரோட்டோரத்திலேயே இருக்கிறது, ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள். அந்தத் தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டராக இருந்த தார்ன் மிரட்டியபோது, நம் ஜனங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். டெல்டாவில் பிறந்த பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டிய கதை. நாங்கள் போகும்போதெல்லாம் அந்த இடத்தில்தான் சொல்வோம்.

2023இல் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளிக்கு மறுபடி ரயில் விட்டார்கள். கார் இல்லாதவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் கோடியக்கரையில் பார்க்க வேண்டியது வெளிமான்கள் வாழும் சரணாலயக் காடு, விடியற்காலையில் அதற்குள் இருக்க வேண்டும் என்றால் முதல் நாளே போய்த் தங்கித்தான் ஆக வேண்டும். கோடியக்கரையில் வனத்துறையின் தங்கும் விடுதியான பூநாரை இல்லம் இருக்கிறது, முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வேதாரண்யத்தில் லாட்ஜ் பார்த்துக்கொள்ளலாம். காட்டுக்குள் விடுவது காலை ஆறு மணிக்கு. ஏழரைக்குப் போய் நின்றால் பாதி போச்சு.

ஒருமுறை என் அம்மாவையும் அழைத்துப் போயிருந்தோம். உடன் வந்த வனத்துறை வழிகாட்டிக்கு அறுபது வயதை ஒட்டி இருக்கும். புல்வெளி தொடங்கும் இடத்தில், "இஞ்சினை அணைச்சிடுங்க தம்பி, கதவைச் சாத்தாம இறங்குங்க" என்றார். பனி இன்னும் புல்லில் இருந்தது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் அவர் கை காட்டிய திசையில் பழுப்பு நிறத்தில் பெட்டை மான்கள் பத்துப் பன்னிரண்டு தலை தூக்கின. கொஞ்சம் தள்ளி ஒரு கிடா. முதுகு நல்ல கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், கொம்பு முறுக்கி முறுக்கி மேலே போகிறது. எங்களைப் பார்த்தபடியே நின்றது. திடீரென்று ஒரு பெட்டை நின்ற இடத்திலிருந்து நேராக மேலே துள்ளியது, பின்னாலேயே மொத்தக் கூட்டமும் துள்ளித் துள்ளி ஓடியது. "மாரியம்மா" என்றார் அம்மா. அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த வெளிமான்களுக்காகத்தான் 1967இல் இந்த இடத்தைச் சரணாலயம் ஆக்கினார்கள்.

பறவைகளுக்கு வேறு பருவம். நவம்பர் முதல் ஜனவரி வரை வெளிநாட்டுப் பறவைகள் வரும். உப்பளத்துப் பக்கமும் முனியப்பன் ஏரிப் பக்கமும் உள்ளான்களும் ஆலாக்களும் நிறைய. பூநாரை வருகிற இடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், பெரும்பாலும் தூரத்தில்தான் நிற்கும். பைனாகுலர் இல்லாவிட்டால் வெறும் வெள்ளைக் கோடுதான் தெரியும், அதனால் யாரிடமாவது இரவல் வாங்கியாவது கொண்டு போங்கள். பறவையியலாளர் சாலிம் அலியின் காலத்திலிருந்து பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்கே பறவைகளுக்கு வளையம் மாட்டி ஆராய்ந்து வருகிறார்கள். உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் 2002இல் இந்த இடம் சேர்ந்தது. மழை பலமாக இருந்தால் உள்ளே பாதை சேறாகி வண்டி போகாது. மானை நன்றாகப் பார்க்க வேண்டும் என்றால் மார்ச்சுக்கு மேல் போவது நல்லது. பறவையும் மானும் இரண்டும் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஜனவரிக் கடைசியைச் சொல்வேன்.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையேறியது இந்தப் பக்கம்தான். அதற்கு முன்னால் காட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். தலைக்கு மேலே கூரையாக நின்ற மரங்கள் முறிந்து, உள்ளே வெயில் இறங்கிவிட்டது. அடுத்த கோடையில் போனபோது எனக்கு மனசு பாரமாகிவிட்டது. இப்போது துளிர்த்து அடர்ந்து வருகிறது. பழைய பெரிய மரங்கள் இல்லை, ஆனாலும் காடு தன் காலில் நிற்கிறது. சோழர் காலத்தது என்று சொல்லும் பழைய கலங்கரை விளக்கம் மட்டும் 2004 சுனாமியில் போய்விட்டது, அடிப்பகுதிதான் மிச்சம்.

இங்கே கடற்கரை என்று பார்த்தால் தரங்கம்பாடி அளவுக்கு அழகில்லை. வடக்கிலிருந்து நேராக வரும் கரை இந்த முனையில் மேற்கே திரும்புகிறது. அந்தப் பக்கம் பாக் நீரிணை, ஆழம் குறைவு, கலங்கிய தண்ணீர். மணலில் உட்கார்ந்து அலை பார்க்க மட்டும் விரும்புகிறவர்களை இங்கே அழைத்து வந்தால் ஏமாந்து போவார்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கடலாட வரும் கூட்டம் தனி. காடு பார்க்க வருகிறவர்கள் அந்த நாட்களை விட்டுவிடுவது நல்லது.

குழந்தைகள் சின்னவர்களாக இருந்தால் தரங்கம்பாடியே போதும். எட்டு வயதுக்கு மேல், சொன்னால் கேட்டுச் சத்தம் போடாமல் இருப்பார்கள் என்றால் கோடியக்கரை. வயதானவர்களுக்குப் பொதுவாகத் தரங்கம்பாடி, ஆனால் என் அம்மாவைக் கேட்டால் மாற்றித்தான் சொல்வார். ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்று துபாயிலிருந்து வரும் நண்பன் கேட்டால் நான் கோடியக்கரையைத்தான் சொல்கிறேன், லீவை ஒரு நாள் நீட்டச் சொல்லி.

போகிறவர்கள் குடிதண்ணீரும் டிபனும் வேதாரண்யத்திலேயே வாங்கி மூடி போட்ட பாத்திரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குரங்குகள் பையைப் பிடுங்கும். அவற்றுக்குத் தின்பண்டம் போடாதீர்கள், பிளாஸ்டிக் உள்ளே வேண்டாம். சாயங்காலம் பூச்சிக்கடி உண்டு, முழுக்கைச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்கு முன் காட்டை முடித்துவிட்டு, திரும்பும் வழியில் வேதாரண்யேஸ்வரர் கோயிலை நடை சாத்துவதற்குள் பிடித்துவிடலாம். அப்பர் பாடித் திறந்த கதவு அங்கேதான்.