ஜேன் அயரா, ரெபெக்காவா?

மர்மமும், காதலுக்கு இரண்டாவது வாய்ப்பும் உள்ள நாவல் வேண்டுமென்றால் இந்த இரண்டில் எதை முதலில் படிப்பது? ஷார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' 1847-ல் வந்தது, டாஃப்னி டு மாரியேயின் 'ரெபெக்கா' 1938-ல். முடிவுகளையும் சொல்லப் போகிறேன். படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இரண்டிலும் பெரிய மாளிகை, வயதில் மூத்த பணக்காரர், முதல் மனைவியைப் பற்றி அவர் மறைக்கும் உண்மை, கடைசியில் தீ.

மர்மம் என்று பார்த்தால் 'ரெபெக்கா' ஒரு படி மேல். செத்துப்போன முதல் மனைவி ரெபெக்கா நேரில் வருவதே இல்லை, ஆனால் வீடு முழுக்க அவள்தான். சுவரிலுள்ள ஓவியத்தில் இருப்பதைப் போலவே உடுத்திக்கொள்ளச் சொல்லி இரண்டாவதாக வந்த இளம் மனைவியைத் தூண்டுகிறாள் வீட்டு நிர்வாகி மிஸஸ் டான்வர்ஸ். அந்த இளம் மனைவியும் ஆசை ஆசையாகப் படியிறங்கி வருகிறாள். கணவன் முகம் வெளுக்கிறது. முன்பு ரெபெக்கா அணிந்ததும் அதே உடை! அந்தப் பக்கத்தில் வயிறு கலங்கிவிடும்.

ஆனால் இரண்டாவது வாய்ப்பு? கணவன் மேக்ஸிம், ரெபெக்காவைக் கொன்றதை ஒப்புக்கொள்கிறான். இளம் மனைவிக்கோ, அவன் ரெபெக்காவை நேசிக்கவில்லை என்பதே போதுமாக இருக்கிறது. அந்தக் காதல் எனக்கு நெருடுகிறது.

ஜேன் அப்படியில்லை. தான் மணக்கவிருந்த ரோச்செஸ்டரின் முதல் மனைவி உயிரோடு இருப்பது தெரிந்ததும், அவர் எவ்வளவு கெஞ்சியும் கேட்காமல் விடியுமுன் கிளம்பிவிடுகிறாள். திரும்பி வரும்போது அவள் கையில் சொந்தப் பணம் இருக்கிறது. ரோச்செஸ்டருக்குப் பார்வையும் ஒரு கையும் போய்விட்டன. இப்போது அவள் வருவது தன் விருப்பத்தால் மட்டுமே.

முதலில் 'ஜேன் அயரை' எடுங்கள். ஜேனை மணக்கக் கேட்கும் பாதிரியார் செயின்ட் ஜான் வரும் அத்தியாயங்கள் மெதுவாகத்தான் நகரும், தாண்டிவிடாதீர்கள். காதலில்லாத கல்யாணத்தை அவள் மறுப்பது அங்கேதான்.