ஒன்றுக்கு ஐந்து பெட்ரோல் பகி: மூன்று வருடத்து ஸ்டியரிங் வழக்கு

கும்பகோணத்து நண்பன் போன வாரம் ஒரு படம் அனுப்பினான். நான் வைத்திருக்கும் அதே ஆர்.சி. பகி: ரிமோட்டில் ஓடும் பெட்ரோல் பொம்மைக் கார், நிஜ வண்டியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு. விலை நன்றாக இறங்கியிருக்கிறது. "வாங்கலாமாடா? ஒரே வார்த்தையில் சொல்" என்றான். ஒரே வார்த்தையில் அடங்கும் சங்கதியாக இருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

எடை, வேகம், சி.சி. எல்லாம் அவனுக்கே தெரியும். எஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயிலைச் சரியாகக் கலந்து ஊற்றினால், மரம் அறுக்கும் மெஷின் மாதிரி இரண்டு இழுப்பில் பிடித்துக்கொள்ளும். என் சண்டை முழுக்க ஸ்டியரிங்கோடுதான்.

நாங்கள் ஓட்டுவது திருவையாறு பக்கம், கொள்ளிடத்து மணலிலும் உளுந்து தெளிக்காமல் சும்மா கிடக்கும் வயலிலும். அதனால் எங்கள் சீசனை முடிவு செய்வது மேட்டூர் அணை. வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடுவார்கள், ஜூன் 12-இல் திறப்பார்கள். நடுவில் கிடைப்பதுதான் எங்களுக்கு. மற்ற மாதங்களில் வண்டி பரணில் கிடக்கும். இந்தப் பரண் பின்னால் வருகிறது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சீசன் சொர்க்கம். இரண்டாவது சீசனில் வண்டி நேராகப் போக மறுத்தது. இடது பக்கம் வளைத்துவிட்டு விட்டால் கொஞ்சம் இடதிலேயே நிற்கும். வலது பக்கம் வளைத்தால் கொஞ்சம் வலதில் நிற்கும். நான் ரிமோட்டில் நடுவைச் சரிசெய்யும் ட்ரிம்மைத் திருகிக்கொண்டே இருந்தேன். அது முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால்தான் ட்ரிம்மையோ சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் டை ராட் கம்பியின் அளவையோ பார்க்க வேண்டும். கடைசியாக எந்தப் பக்கம் திருப்பினோமோ அந்தப் பக்கமே நின்றுவிடுகிறது என்றால் எங்கேயோ ஆட்டம் இருக்கிறது, அல்லது இறுக்கம் இருக்கிறது. ட்ரிம் அதைத் தீர்க்காது.

எனக்கு அப்போது இது யாரும் சொல்லவில்லை. விற்ற கடையில் கேட்டேன். "சர்வோ போயிருக்கும் சார், மாத்திடுங்க" என்றார்கள். ரிமோட் சொன்னபடி ஸ்டியரிங்கைத் திருப்பும் குட்டி மோட்டார்தான் சர்வோ. முப்பது கிலோ டார்க் (திருப்பும் வலு), மெட்டல் கியர், ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. மாற்றினேன். வண்டி அப்படியேதான் நின்றது.

அப்புறம்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். சர்வோவிலிருந்து வரும் லிங்க்கைக் கழற்றிவிட்டு, முன் சக்கரங்களைக் கையால் இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போக வேண்டிய இடத்தில் நறநறவென்றது. சர்வோவின் அசைவைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெல் கிராங்க் இரண்டையும் கழற்றினால், உள்ளே அவை சுழலும் பிளாஸ்டிக் புஷ் (வளையம்) தேய்ந்து முட்டை வடிவத்தில் இருக்கிறது. குற்றவாளி நான்தான். நம் ஊர் வண்டல் முகப்பவுடர் மாதிரி நைசானது, எந்த இடுக்கிலும் போய் உட்காரும். அதன் மேல் நான் கிரீஸ் வேறு தடவி வைத்திருந்தேன். கிரீஸும் வண்டலும் சேர்ந்தால் வால்வு தேய்க்கிற பேஸ்ட்தான். அந்த இடத்தில் கிரீஸ் கூடாது. பிரஷ்ஷால் தட்டிவிட்டுக் காய்ந்தபடி விட்டால் போதும்.

புஷ் மட்டும் தனியாகக் கிடைக்காது, முழு செட்டாகத்தான் வாங்க வேண்டும் என்றார்கள். பம்புசெட்டுக்கு கன்மெட்டல் புஷ் கடைந்து தரும் லேத்து பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "இத்தனூண்டா? எந்த மோட்டார் தம்பி இது?" என்றார். பொம்மைக் கார் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, சொன்னேன். சிரிக்கவில்லை. வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, ஆட்டத்தைக் கையால் பார்த்துவிட்டு, நான்கு புஷ் கடைந்தார். இருநூறு ரூபாய். இரண்டு சீசன் ஆகிறது, இன்றுவரை ஆட்டம் இல்லை. இந்த வண்டியிலேயே உருப்படியான பாகம் எது என்று கேட்டால், பெட்டியில் வராத அந்த நான்கு புஷ்தான்.

நடுவுக்கு வருவது சரியானது. ஆனால் வலு இல்லை. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால் டக்கென்று திரும்புகிறது, தரையில் வைத்தால் சோம்பேறி. அடிபட்டால் சர்வோவைக் காப்பாற்ற நடுவில் ஸ்பிரிங் வைத்த சர்வோ சேவர் லூஸாக இருந்தால் இப்படி ஆகும். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ரிமோட்டைத் திருப்பினால் சர்வோ கை நகரும், சக்கரம் நகராது. பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. கோபத்தில் ஸ்பிரிங் நட்டை அடிவரை முறுக்கினேன். அந்த ஸ்பிரிங் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத்தான் இருக்கிறது என்று அடுத்த நாள் ஒரு பனை அடிமரம் கற்றுக்கொடுத்தது. புது சர்வோவின் பற்கள் போயின. இன்னொரு ஐயாயிரம்.

மூன்றாவது சர்வோ போட்டும் சோம்பல் முழுதாகப் போகவில்லை. ஒரு நாள் திருப்பத்தில், ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரே அணைந்து, ஆக்சிலேட்டர் திறந்தபடி வண்டி நேராக வாய்க்காலில் இறங்கியது. நல்லவேளை, எதிரே மாடோ பிள்ளையோ இல்லை. சிக்னல் போனால் ஆக்சிலேட்டரை மூடும் ஃபெயில்சேஃப் இருந்ததே என்று கேட்காதீர்கள். ரிசீவருக்கே கரண்ட் இல்லையென்றால் அது என்ன செய்யும்? கார்புரேட்டரில் ஆக்சிலேட்டரைத் தானாக மூடும் இழுப்பு ஸ்பிரிங் மாட்டாமல் இனி யாரும் பெட்ரோல் வண்டியை எடுக்காதீர்கள்.

அன்று இரவு இன்னொரு நண்பனைச் சக்கரத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ரிசீவரில் காலியாக இருந்த சேனலில் மல்டிமீட்டரை வைத்தேன். சும்மா இருக்கும்போது 6.4 வோல்ட். ஸ்டியரிங்கைத் திருப்பினால் 4.3. பேட்டரி முனையிலேயே பார்த்தால் ஆறுக்குக் கீழே இறங்கவில்லை. நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவிட்ச். கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சைப் பசேலென்று களிம்பு. பரணில் ஐப்பசி மழையையும் மார்கழிப் பனியையும் குடித்திருக்கிறது. அதன் வயரோ நூல் மாதிரி. தூக்கி எறிந்துவிட்டு, தடித்த வயரை நேராகச் சால்டர் வைத்தேன். மறுநாள் அதே சர்வோ, அதே பேட்டரி, நின்ற இடத்திலேயே மணலை உழுதுகொண்டு திரும்பியது.

அறுபது ரூபாய் சுவிட்ச்! இதையும் அந்தப் புஷ்ஷையும் முதலில் பார்க்காமல் பத்தாயிரத்தைத் தொலைத்திருக்கிறேன். இவ்வளவு பெரிய வண்டிக்கு அந்தச் சுவிட்சை வைத்தவர்களை நான் மன்னிப்பதாக இல்லை.

இப்போது ஓட்டம் எப்படி என்றால், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஈரம் லேசாக இருக்கும் கொள்ளிடத்து மணலில் பின்பக்கம் வழுக்கும்போது எதிர்ப்பக்கம் ஸ்டியரிங் கொடுத்தால், ஒரு விரல் அசைவுக்கு ஒரு விரல் அளவு கேட்கிறது. ஆற்றங்கரையில் ஆடு மேய்க்கும் பெரியவர்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

கும்பகோணத்து நண்பனுக்கு "வாங்காதே" என்று பதில் அனுப்பினேன். "அப்போ உன்னுடையதைக் கொடுத்துவிடேன், பாதி விலைக்கு" என்றான்.

ஜூன் 12-க்கு அப்புறம் கேள் என்று சொல்லியிருக்கிறேன்.