பட்டன் போனுடன் 14 மாதங்கள்

சமூக ஊடகக் கணக்குகள் அனைத்தையும் நீக்கிவிட்டு, அவற்றில் கரைந்துகொண்டிருந்த நேரத்தை நெருங்கிய சிலருக்குக் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்த வாரத்தில்தான் இந்தப் பட்டன் போனை வாங்கினேன். ஆகவே இதன் கேமரா எப்படி இருக்கிறது, பாட்டு கேட்க முடியுமா என்பதையெல்லாம் இங்கே எடைபோடப் போவதில்லை. மனிதர்களோடு நெருங்கிப் பழக இந்தக் கருவி எந்த அளவுக்கு உதவுகிறது என்ற ஒரே கேள்வியை முன்வைத்து எழுதுகிறேன்.

பேச்சின் தெளிவில் இதற்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பழைய தொலைபேசி முறை 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் (ஒரு நொடிக்கு எத்தனை அதிர்வுகள் என்ற அளவு) வரையிலான ஒலியை மட்டுமே கடத்தியது. 4ஜி வழியாகக் குரலை அனுப்பும் இன்றைய முறை ஏறத்தாழ 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரை கடத்துகிறது. இந்த எண்களின் பொருள் எனக்கு விளங்கியது ஒரு கல்லூரித் தோழனோடு பேசும்போதுதான். ஆறு ஆண்டுகளாக அவனுடைய படங்களுக்கு விருப்பக்குறி இடுவதோடு எங்கள் நட்பு நின்றுபோயிருந்தது. நான் முதன்முறை அழைத்தபோது, "என்னடா, வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்று பதறினான், காரணமில்லாமல் ஒருவர் அழைப்பார் என்பதையே அவன் மறந்திருந்தான். அன்று 4 நிமிடங்களில் பேச்சு தீர்ந்துவிட்டது. நான்காவது அழைப்பில், "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. அவன் மூச்சை நீளமாக இழுத்து விடுவது மட்டும் காதுக்குள் கேட்டது. பிறகு, அம்மாவுக்குச் சில மாதங்களாகத் தன்னை அடையாளம் தெரியவில்லை என்று சொன்னான். என் கணக்கை நீக்குவதற்குச் சற்று முன்புகூட அவர்கள் இருவரும் சிரித்தபடி இருக்கும் படத்தைப் பார்த்து, விருப்பக்குறி இட்டுவிட்டுக் கடந்து போயிருந்தேன். அந்தப் படம் சொல்லாததை அந்த ஒரு மூச்சு சொல்லிவிட்டது.

வாங்க நினைப்பவர்கள் 4ஜி குரல் வசதி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குவது அவசியம். சிங்கப்பூர் 2017-லேயே 2ஜி என்னும் பழைய தலைமுறைக் கைப்பேசிச் சேவையை நிறுத்திவிட்டது. ஜப்பானிலும் ஆஸ்திரேலியாவிலும்கூட அது இப்போது இல்லை. 2ஜி மட்டும் உள்ள போன் அத்தகைய இடங்களில் அழைப்புக்கே பயன்படாது. மின்கலம் சாதாரணப் பயன்பாட்டில் 4 நாட்கள் தாங்குகிறது.

தட்டச்சு செய்வது உண்மையிலேயே சிரமம். ஓர் எழுத்துக்கு மூன்று, நான்கு முறை அழுத்த வேண்டியிருப்பது ஒருபுறம் இருக்க, ஆங்கிலத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் குறுஞ்செய்தி தமிழில் 70 குறியீடுகளோடு முடிந்துவிடுகிறது. அதிலும் 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லே, மெய்ப்புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால், ஐந்து இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. இதை முதலில் குறைகளின் வரிசையில்தான் வைத்திருந்தேன். ஆனால், நலம் விசாரித்து நான்கு வரி எழுதுவதைவிட அழைத்துவிடுவது எளிது என்ற நிலைக்கு என்னைத் தள்ளியதே இந்தக் குறுகிய இடம்தான் என்பதால், மாற்றிக் கொடுத்தாலும் இப்போது ஏற்க மாட்டேன்.

எண்களைச் சேமிப்பதும் அப்படியே. போன் நூற்றுக்கணக்கான எண்களைக் கொள்ளும். நான் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து கையால் பதிந்தவை 38. ஒவ்வொரு பெயரையும் அழுத்தி அழுத்தி எழுதும்போது, இவரை இந்த ஆண்டில் அழைப்பேனா என்று என்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஒருவர் நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கும் என்று 2018-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் கணித்திருந்தார். அந்தக் கணக்குப்படி பார்த்தால் 38 பேரே எனக்கு அதிகம்.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. உறவினர் குழுக்களில் வரும் செய்தி எனக்கு வருவதில்லை. அத்தை மகளுக்குக் குழந்தை பிறந்ததை 11 நாட்கள் கழித்துத்தான் அறிந்தேன், அவளுக்கு அதில் மனத்தாங்கல் இருந்தது நியாயமே. வரைபடம், வங்கிப் பணி ஆகியவற்றுக்காகப் பழைய திறன்பேசியை வீட்டு மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். பத்தாவது மாதத்தில் 5-ஆம் எண் பொத்தான் சிக்கத் தொடங்கியது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இந்தக் கருவி நேரத்தை விடுவிக்குமே தவிர, அதை எங்கே செலவிடுவது என்று சொல்லாது. 2018-இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், பேஸ்புக் கணக்கை 4 வாரங்கள் முடக்கியவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிஞ்சியது; நாட்டு நடப்பு பற்றிய அறிவு சற்றுக் குறைந்தாலும் மனநிறைவு கூடியது; குடும்பத்தினரோடும் நண்பர்களோடும் கழித்த நேரமும், தனியாகத் தொலைக்காட்சி பார்த்த நேரமும் சேர்ந்தே அதிகரித்தன. முதல் மாதத்தில் என் ஒரு மணி நேரம் முழுவதும் தொலைக்காட்சிக்கே போனது. இரவு எட்டு மணிக்கு ஒருவரை அழைப்பது என்று நேரம் குறித்துக்கொண்ட பிறகே நிலைமை மாறியது.

கணக்கை நீக்கும் முன் ஒன்றைச் செய்துவிடுங்கள். பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் நீக்கக் கோரிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் முடிவை மாற்றிக்கொள்ளலாம். அதற்குப் பின் வழியில்லை. அங்கே மட்டும் பழகியவர்களிடம் தொலைபேசி எண்ணைக் கேட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் அவசரப்பட்டதில் இரண்டு பேரைத் தவறவிட்டேன். ஒருவருடைய எண் அந்தக் கல்லூரித் தோழன் மூலம் கிடைத்துவிட்டது. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மற்றொருவனை இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.