ஹாலோவீன் அட்டையில் புடைத்து நிற்கும் சிலந்தி வலை: டெக்ஸ்சர் பேஸ்ட் மதிப்புரை

அக்டோபர் 31 அன்று வரும் ஹாலோவீனுக்குப் பலவகை ஊடகங்களைக் கலந்து வாழ்த்து அட்டை செய்வதற்காக, நீர் சார்ந்த வெள்ளை டெக்ஸ்சர் பேஸ்ட் (தாளில் பூசினால் புடைத்து நிற்கும் கெட்டியான பூச்சு) ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்தேன். சிலந்தி வலை வடிவில் துளைகள் வெட்டிய ஸ்டென்சிலை 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) நீர்வண்ணத் தாளின் மேல் அசையாமல் ஒட்டி, பேஸ்ட்டைப் பேலட் கத்தியால் சீராக இழுத்துவிட்டு, ஸ்டென்சிலை நேராக மேலே தூக்கியபோது, வலையின் மிக மெல்லிய இழைகள்கூடச் சிதையாமல் புடைத்து நின்றன. அந்தத் துல்லியமே இதன் பெரும் சிறப்பு என்பேன்.

காய்வதற்குத்தான் நேரம் எடுக்கிறது. முதல் அட்டையில் அவசரப்பட்டு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டியதால் மேற்பரப்பில் குமிழ்கள் எழுந்தன. அடுத்ததை இரவு முழுவதும் தானாகக் காயவிட்டதும் அந்தக் குறை நீங்கியது. காய்ந்தபின் ஆரஞ்சு, ஊதா மைகளைப் பூசினால் பேஸ்ட் அவற்றை ஓரளவு உறிஞ்சி, தாளில் தெரிவதைவிட வெளிறிய சாயலைத் தருகிறது. மூடுபனி படர்ந்த இரவைக் காட்ட இது மிகவும் உதவுகிறது. இவ்விரு மைகளும் ஈரத்தில் கலந்தால் மங்கிய பழுப்பாகிவிடும் என்பதால், ஒன்று காய்ந்த பிறகே மற்றொன்றைப் பூச வேண்டும்.

கறுப்புத் தாளில் வெட்டிய வௌவால்களை நுரை ஒட்டுத்துண்டுகளின் மேல் பதித்தால் ஆழம் கூடுகிறது, ஆனால் அட்டை தடித்துவிடுவதால் சாதாரண உறை போதாது. ஸ்டென்சிலை உடனே நீரில் கழுவாவிட்டால் துளைகள் அடைத்துக்கொள்ளும். பொறுமையாகக் காயவிட முடிந்தவர்களுக்கு இந்தப் பேஸ்ட்டை மனமாரப் பரிந்துரைக்கிறேன்.