கேர் கம்பேர்: நட்சத்திரத்தைத் தாண்டி என்ன படிக்க வேண்டும்

அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்றால் நம்மூர் சின்ன ஆஸ்பத்திரி இல்லை. இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து சில வாரம் பிசியோதெரபிக்கு வருபவர்களும், கடைசி வரை அங்கேயே இருக்கப்போகும் முதியவர்களும் தங்கும் இடம். அப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் நடத்தும் இலவச இணையதளம்தான் கேர் கம்பேர். ஜிப் கோடைத் தட்டினால் சுற்றுவட்டார இல்லங்கள் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரங்களோடு வந்து நிற்கும். அதோடு மூடிவிட்டால் தளத்தின் உருப்படியான பாதியைப் பார்க்கவே இல்லை.

மொத்த நட்சத்திரத்துக்கு அடிப்படை நேரடி ஆய்வு. மாநில ஆய்வாளர்கள் சொல்லாமல் வந்து சமையலறை முதல் மருந்து வண்டி வரை பார்க்கிறார்கள். ஒரு ஆய்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே 15 மாதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. இதில் கிடைக்கும் நட்சத்திரம் அந்தந்த மாநிலத்துக்குள் மட்டும் ஒப்பிட்டது: மேலே உள்ள 10 சதவீதத்துக்கு ஐந்து, அடியில் உள்ள 20 சதவீதத்துக்கு ஒன்று. ஆகவே நியூ ஜெர்சியின் மூன்றும் டெக்சாஸின் மூன்றும் ஒன்றல்ல.

இதன்மேல் ஊழியர் எண்ணிக்கையில் ஐந்து வாங்கினால் ஒரு நட்சத்திரம் கூடும்; தர அளவீடுகளில் ஐந்து வாங்கினால் இன்னொன்று. ஆய்வில் இரண்டே வாங்கிய இல்லம் நான்கு நட்சத்திரத்தோடு முதல் பக்கத்தில் மின்னுவது இப்படித்தான். ஊழியர் கணக்கு சம்பளப் பதிவிலிருந்து வருவதால் ஓரளவு நம்பலாம். தர அளவீடுகளில் பெரும்பகுதியோ இல்லமே நிரப்பித் தரும் படிவங்களிலிருந்து வருவது. தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்கிற கதை.

எனவே இல்லத்தின் பெயரைச் சொடுக்கி, ஆய்வுப் பகுதிக்குப் போய், முழு அறிக்கையைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு குறைக்கும் ஓர் ‘எஃப்’ எண் இருக்கும். எஃப் 689 விபத்துத் தடுப்பும் கண்காணிப்பும், 686 படுக்கைப்புண், 880 தொற்றுத் தடுப்பு, 812 உணவுச் சுகாதாரம். 812, 880 இரண்டும் அடிக்கடி எழுதப்படுபவை. ஃப்ரிட்ஜில் தேதி ஒட்டாத ஒரு டப்பாவுக்காக ஓர் இல்லத்தை ஒதுக்க வேண்டாம்.

எண்ணைவிடக் குறையின் தீவிரம்தான் முக்கியம். எவ்வளவு கேடு, எத்தனை பேருக்கு என்று ‘ஏ’ முதல் ‘எல்’ வரை 12 கட்டங்கள். பெரும்பாலானவை டி, ஈ: யாருக்கும் அடிபடவில்லை, பட்டிருக்கலாம். ஜி என்றால் உண்மையிலேயே ஒருவருக்குக் கேடு நேர்ந்துவிட்டது. ஜே, கே, எல் மூன்றும் உடனடி ஆபத்து. ஆய்வு நட்சத்திரத்தை முடிவு செய்யும் புள்ளிக்கணக்கும் (கூடக் கூட மோசம்) அப்படித்தான் ஏறுகிறது: டி 4, ஜி 20, ஜே 50, எல் 150. இருபது டி உள்ள அறிக்கையைவிட ஒரே ஒரு ஜே உள்ள அறிக்கையை நிதானமாகப் படியுங்கள்.

அடுத்து, பழைய அறிக்கைகளையும் திறந்து ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். 689 அடுத்தடுத்த ஆய்வுகளில் வந்தால், போன முறை சொன்ன திருத்தம் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இரவு ஷிஃப்டில் ஆள் போதாமல் பாட்டி தனியாகக் கழிவறைக்குப் போய் விழுகிறார். குறையைச் சரிசெய்ய இல்லம் எழுதித் தரும் திருத்தத் திட்டத்திலோ ‘ஊழியர்களுக்கு மறுபயிற்சி’ என்று எழுதினால் அடுத்த ஆண்டும் யாராவது விழத்தான் செய்வார்கள். அந்தத் திட்டம் கேர் கம்பேர் அறிக்கையில் இல்லாதது பெரிய குறை. இல்லத்திடமோ மாநில ஆய்வு அலுவலகத்திடமோ கேட்டு வாங்க வேண்டும்.

தீப்பாதுகாப்பு தனிப் பகுதியில் இருக்கிறது, நட்சத்திரக் கணக்கில் சேராது. இது எனக்குப் புரியாத ஏற்பாடு. 2003இல் ஹார்ட்ஃபர்டிலும் நாஷ்வில்லிலும் தீப்பிடித்து முதியவர்கள் இறந்த பிறகு, எல்லா இல்லங்களிலும் ஸ்பிரிங்க்ளர் (தீப்பிடித்தால் தானாக நீர் தெளிக்கும் அமைப்பு) கட்டாயமாக 2013 ஆகஸ்ட் ஆனது. இங்கே தேட வேண்டியவை: தாழ் விழாத தீக்கதவு, பராமரிக்காத ஸ்பிரிங்க்ளர், ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டிய ஒத்திகை, மாதந்தோறும் 30 நிமிடம் சுமையோடு ஓட்ட வேண்டிய ஜெனரேட்டர். 2017இல் இர்மா புயலின்போது ஃபுளோரிடாவின் ஹாலிவுட் ஹில்ஸ் இல்லத்தில் ஜெனரேட்டர் இருந்தும் மைய ஏசிக்கு அதிலிருந்து மின்சாரம் போகவில்லை. வெப்பத்தில் முதியவர்கள் இறந்தார்கள். ‘கரண்ட் போனால் ஏசி ஓடுமா?’ என்று நேராகக் கேளுங்கள்.

குழாய் வெந்நீரையும் தொட்டுப் பாருங்கள். 120 டிகிரி பாரன்ஹீட்டில் ஆழமான தீப்புண் உண்டாக ஐந்து நிமிடம் ஆகும், 140இல் ஐந்தே நொடி.

தளத்தில் சிவப்புக் கை அடையாளம் தெரிந்தால் வதை அல்லது துன்புறுத்தல் தொடர்பான குறை பதிவாகியிருக்கிறது. அதற்கு மேல் அந்த இல்லத்தைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. பல இல்லங்களின் அறிக்கைகளுக்குள் சொல் போட்டுத் தேட இந்தத் தளத்தில் வழியில்லை; புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் ‘நர்சிங் ஹோம் இன்ஸ்பெக்ட்’ தளம் அதைச் செய்கிறது.

நேரில் போகும்போது, கடைசி ஆய்வறிக்கை எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். யாரையும் கேட்காமல் எடுத்துப் படிக்கும்படி அது வெளியே இருக்க வேண்டும். மேலாளர் அறைப் பூட்டைத் திறந்து எடுத்து வந்தால், அதுவே ஒரு விதிமீறல்.