உணவு ஒவ்வாமை ரத்தப் பரிசோதனை கிட்: முடக்குவாதத்துக்குப் பயன்படுமா?

விரலில் குத்திச் சில சொட்டு ரத்தம் அனுப்பினால், மூட்டு வீக்கத்தைக் கிளப்பும் உணவுகளின் பட்டியல் கிடைக்கும் என்று விற்கிறார்கள். பயன்படுத்துவது சுலபம்தான். கோளாறு அடிப்படையில் இருக்கிறது. இந்த கிட் அளப்பது ஐஜிஜி (IgG) என்ற ஆன்டிபாடியை, அதாவது ரத்தத்திலுள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதத்தை. ஓர் உணவை அடிக்கடி சாப்பிட்டாலே அது ஏறும். அதனால்தான் பால், முட்டை, கோதுமை என்று தினசரி உணவுகளே பட்டியலில் வந்து நிற்கின்றன. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய ஐஜிஜி4 (ஐஜிஜியின் ஓர் உட்பிரிவு) சோதனை உதவாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது.

பட்டியலை நம்பி எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தினால் புரதமும் கால்சியமும் குறையும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு எலும்புத் தேய்மான ஆபத்து ஏற்கெனவே உண்டு. முடக்குவாதம் தானாகவும் ஏறி இறங்கும் நோய். இறங்கும்போது நல்ல பெயர் கிட்டுக்குப் போய்விடுகிறது!

சந்தேகம் இருந்தால் செலவில்லாத வழி: ஒரே ஓர் உணவை 3 வாரம் நிறுத்துங்கள். காலை விறைப்பு எத்தனை நிமிடம், எத்தனை மூட்டில் வீக்கம் என்று தினமும் குறித்து வையுங்கள். பிறகு 3 நாள் திரும்பச் சாப்பிட்டுப் பாருங்கள். இரண்டு முறையாவது அதே விளைவு வர வேண்டும். இடையில் மெத்தோட்ரெக்சேட் (முடக்குவாத மருந்து) அளவு மாறினால் கணக்கு கெட்டுவிடும். தடிப்போ மூச்சுத்திணறலோ வரவழைத்த உணவை மட்டும் வீட்டில் சோதிக்கவே கூடாது.