ஜெல்லா, வேக்ஸா? போர் தண்ணீரில் அலசிப் பார்த்த கதை

தலைமுடியைப் பிடித்து நிறுத்த இரண்டு வருடம் வேக்ஸ் போட்டேன். போன சித்திரையில் அதை நிறுத்திவிட்டு ஜெல்லுக்கு வந்துவிட்டேன். மாறியது ஸ்டைலுக்காக இல்லை, தண்ணீருக்காக.

நாங்கள் இருப்பது சென்னை மேடவாக்கம். குடிக்க கேன், மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். ஆர்.ஓ. பார்க்க வந்தவர் மீட்டரை வாளியில் முக்கிப் பார்த்து டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 1,400 மில்லிகிராம் என்றார். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் 500 வரை இருந்தால் நல்லது. வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை விடுகிறார்கள். ஷவர் ஓட்டைகளை மாதம் ஒருமுறை ஊசியால் குத்தி எடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவு உப்பு படிகிறது. தலையில் போட்டதையெல்லாம் இந்தத் தண்ணீர்தான் வெளியே எடுக்க வேண்டும். இதை யோசிக்காமல்தான் நான் முதலில் வேக்ஸ் வாங்கினேன்.

வாங்கச் சொன்னது சலூன் அண்ணன். “சார், ஜெல் எல்லாம் மத்தியானம் வரைக்கும்தான். வேக்ஸ் போடுங்க, ஹெல்மெட் கழட்டுனாலும் கைய விட்டு தூக்கிக்கலாம்” என்றார். அது உண்மைதான். வேக்ஸ் காய்ந்து இறுகுவதில்லை. அதனால் கலைந்தால் திரும்ப வாரிக்கொள்ளலாம். ஜெல் ஒருமுறை காய்ந்து உடைந்தால் உடைந்ததுதான். பளபளப்பு, வாசனை, விலை பற்றியெல்லாம் கடையிலேயே பார்த்துக்கொள்ளலாம். டப்பாவின் பின்பக்கத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியலுக்கு வருகிறேன்.

நான் போட்ட வேக்ஸில் முதல் பெயர் பெட்ரோலேட்டம், அதாவது பெட்ரோலியம் ஜெல்லி. அடுத்து செரா ஆல்பா, அது தேன்மெழுகு. அப்புறம் மினரல் ஆயில், லானோலின். லானோலின் என்பது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. இவை எதுவும் முடிக்குக் கெடுதல் என்று நான் சொல்ல வரவில்லை. நம் தாத்தாக்கள் போட்ட பிரில்கிரீமும் மினரல் ஆயில், தண்ணீர், தேன்மெழுகு சேர்ந்த கலவைதான். 1928-இல் இங்கிலாந்தில் வந்தது. சிக்கல் வேறு இடத்தில். என் வேக்ஸின் பட்டியலில் தண்ணீரில் கரைகிற பொருள் ஒன்றுகூடக் கிடையாது.

ஜெல்லில் முதல் பெயரே தண்ணீர். அதைக் கெட்டியாக்குவது கார்போமர். கார்போமரின் புளிப்பைத் தணித்துக் கூழாக்கச் சேர்ப்பது ட்ரைஎத்தனாலமின். பெயர்தான் பயமாக இருக்கிறது, வேலை இவ்வளவுதான். முடியைப் பிடித்து நிறுத்துவது பி.வி.பி. என்கிற பாலிமர். இதன் இன்னொரு பெயர் போவிடோன். காயத்துக்குப் போடுகிறோமே போவிடோன் ஐயோடின், அதில் வருவதும் இதேதான். அந்தப் பழுப்பு மருந்து தோலில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவினாலே போய்விடும் அல்லவா? ஜெல்லும் அப்படித்தான். காய்ந்ததும் முடிமேல் மெல்லிய படலமாகிறது, தண்ணீர் பட்டதும் மறுபடி கரைகிறது.

இனி அலசுகிற விஷயம். என் முடிவை மாற்றியது இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நாம் குளிக்கிற வெந்நீர் 40-ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆக சூட்டால் அதை இளக்கி எடுக்க முடியாது, ஷாம்பூதான் எடுக்க வேண்டும். முதல் தடவை போடும் ஷாம்பூ மெழுகையும் எண்ணெயையும் பிடிக்கவே செலவாகிவிடும், நுரையே வராது. இரண்டாவது தடவைதான் நுரைக்கும். போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய இருப்பதால் அந்த நுரையும் குறைவு. அவசரத்துக்குக் குளியல் சோப்பைத் தேய்த்தால் இன்னும் மோசம். கால்சியத்தோடு சேர்ந்து சோப்பு வெள்ளைப் பிசுக்காகத் திரிந்து, மெழுகோடு முடியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு வருடமும் வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு தடவை ஷாம்பூ என்றே போனது. முடி வைக்கோல் மாதிரி ஆகிவிட்டது. வேக்ஸைத் திட்டுவதில் நியாயமில்லை, அதை எடுக்க நான் போட்ட ஷாம்பூதான் முடியிலிருந்த எண்ணெய்ப் பசையையும் சேர்த்து எடுத்துப்போனது. “இயற்கையான தேன்மெழுகு” என்று டப்பாவில் பார்த்துச் சந்தோஷப்பட்டு வாங்கியதற்கு, குளியலறையில் விலை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜெல்லுக்கு மாறியபிறகு தினமும் வெறும் தண்ணீரில் இரண்டு நிமிடம் அலசுகிறேன். ஷாம்பூ வாரம் இரண்டு நாள் மட்டும், அதில் ஒன்று சனிக்கிழமை எண்ணெய்க் குளியலோடு. வறட்சி நன்றாகவே குறைந்திருக்கிறது. முடி கொட்டுவது நின்றதா என்று கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டேன், ஒரு வருட அனுபவத்தில் அதைச் சொல்வது சரியில்லை.

இன்னொன்று, நெற்றி. மே மாதப் புழுக்கத்தில் வியர்வையோடு வேக்ஸும் வழிந்து முடியோரத்தில் சின்னச் சின்னப் பருக்கள் வந்துகொண்டே இருந்தன. தோல் மருத்துவர்கள் இதற்குப் பொமேட் பரு என்று பெயரே வைத்திருக்கிறார்கள், பொமேட் என்பது தலைக்குப் போடும் எண்ணெய்ப் பசை. வேக்ஸை விட்ட ஒன்றரை மாதத்தில் எனக்குப் போய்விட்டது.

ஜெல்லிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. நான் முதலில் வாங்கிய ஜெல்லில் தண்ணீருக்கு அடுத்தபடியே கிளிசரின் இருந்தது. கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பொருள். சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. காலையில் படிய வாரிக்கொண்டு கிளம்பினால், வேளச்சேரி தாண்டுவதற்குள் முடி உப்பிப் பிசுபிசுக்க ஆரம்பித்துவிடும். பி.வி.பி.யும் ஓரளவு ஈரத்தை இழுக்கும்தான். அதனோடு வினைல் அசிட்டேட் சேர்த்த வகை ஒன்று இருக்கிறது, பட்டியலில் ‘வி.பி./வி.ஏ. கோபாலிமர்’ என்று வரும். அது ஈரத்தைக் குறைவாகவே எடுக்கும். இப்போது நான் போடுவது அந்த வகை.

கிளிசரின் எவ்வளவு இருக்கிறது என்று டப்பாவில் எண் போட மாட்டார்கள். ஆனால் ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைந்தது என்ற வரிசையில்தான் எழுத வேண்டும், அதற்குக் குறைந்தவை பின்னால் எந்த வரிசையிலும் வரலாம் என்பது இங்கே விதி. ஃபீனாக்ஸிஎத்தனால் என்கிற, கெட்டுப்போகாமல் காக்கும் பதப்பொருளை 1 சதவீதத்துக்குள்தான் போடுவார்கள். ஆகவே பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுங்கள். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் துளித்துளிதான். கிளிசரின் அதற்குப் பின்னால் இருந்தால் பயமில்லாமல் எடுக்கலாம். கற்றாழை, நெல்லிக்காய் என்று முன்பக்கம் பெரிய படம் போட்ட டப்பாக்களையும் இதே மாதிரி பாருங்கள். பெரும்பாலும் அந்தக் கற்றாழை கடைசி வரியில் இருக்கும்.

வேக்ஸ் என்று பெயர் போட்டு விற்பவற்றிலும் தண்ணீரில் போகிற வகை உண்டு. அதில் முதல் பெயர் தண்ணீராக இருக்கும். அருகிலேயே எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துவைக்கும் செட்டியரெத்-25 அல்லது பெக்-40 ஹைட்ரஜனேட்டட் கேஸ்டர் ஆயில் இருக்கும். இரண்டாவது விளக்கெண்ணெயிலிருந்து வருவதுதான் என்றாலும், தண்ணீரோடு சேரும்படி மாற்றப்பட்டது. வேக்ஸை விட மனமில்லாதவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும். நான் ஒரு டப்பாதான் போட்டுப் பார்த்தேன். பிடிப்பு நன்றாக இருந்தது, ஒரு ஷாம்பூவில் போய்விட்டது. அதற்கு மேல் அனுபவம் இல்லை.

ஆளி விதை ஜெல்லைத் தங்கை செய்து தந்தாள். இரண்டு ஸ்பூன் விதையை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கொதிக்கவிட்டு, முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடு துணியில் வடிக்க வேண்டும். ஆறிவிட்டால் வடியாது. வெண்டைக்காயின் கொழகொழப்பு மாதிரியான பசைதான் அதுவும். அவளுடைய சுருட்டை முடிக்குப் பிரமாதமாக நிற்கிறது, என் குட்டை முடியை அது தூக்கி நிறுத்தவில்லை. பதப்பொருள் எதுவும் இல்லாததால் ஃபிரிட்ஜில் ஒரு வாரம், வெளியே வைத்தால் இந்த ஊர் வெயிலுக்கு மறுநாளே வாடை வந்துவிடும். நான் போட்டது ஐந்து வாரம்தான். சுருட்டை முடிக்காரர்கள் என் பேச்சைவிட அவள் பேச்சைக் கேட்பது நல்லது.

வேக்ஸ் ஜெயிக்கிற இடம் ஒன்று இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழை. தூறலில் நனைந்தால் ஜெல் கரைந்து நெற்றியில் வழியும், கண்ணில் பட்டால் எரியும். மெழுகும் எண்ணெயும் தண்ணீரை ஒட்டவிடாது. அதனால் மீதி பாதி டப்பாவை நான் தூக்கிப் போடவில்லை. மழைக்காலத்தில் கல்யாணம், வரவேற்பு என்றால் எடுக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் தலையை நனைக்காமல் முதலில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துப் பத்து நிமிடம் விடுகிறேன். மெழுகு எண்ணெயில் இளகிவிடுகிறது. அதற்குப் பிறகு சீயக்காயோ ஷாம்பூவோ ஒரு தடவை போட்டாலே போதும், போர் தண்ணீரில்கூட.